சியேனி அண்ணியின் கால்கள்

என் அண்ணன் பெட்டேலோவின் மனைவி சியேனியைத் திமிர் பிடித்தவள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். திமிராம் திமிர்! விடியும் முன்னே எழுந்து மாவு பிசைந்து, பன்றிக்கறி வைத்த பன் அவித்து, கூடையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போய் வெயிலில் நின்று விற்றுவிட்டு வந்து, வந்த கையோடு எங்கள் எல்லோருக்கும் சேப்பங்கிழங்கு சுரண்டிப் போடுகிறவளுக்குத் திமிர் காட்ட நேரம் எங்கே இருக்கிறது? சொல்கிறவர்கள் எல்லோரும் அவள் கையால் தின்றவர்கள்தான். அதுதான் எனக்கு எரிச்சல்.

உப்போலுத் தீவிலிருந்து எங்கள் சவாயித் தீவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். பெரிய உடம்பு, பெரிய குரல். சுவரில்லாத எங்கள் வீட்டில் அவள் சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். கல்யாணமாகி வந்த புதிதில், "மசினா, உங்க அண்ணன் வாயைத் திறந்து பேசவே மாட்டாரா? இல்ல, ஞாயித்துக்கிழமைக்குன்னு சேத்து வச்சிருக்காரா?" என்று என்னைப் பெயர் சொல்லியே கூப்பிட்டுக் கேட்டாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஆரம்பித்தது. பகலில் ஒன்றும் இல்லை. நின்றால் இல்லை, நடந்தால் இல்லை. பொழுது சாய்ந்து, அப்பாடா என்று உட்கார்ந்தால் வந்துவிடும். முழங்காலைத் தேய்ப்பாள், கணுக்காலை முறுக்குவாள், பாயில் இப்படியும் அப்படியும் நெளிவாள்.

"வலிக்குதா அண்ணி?"

"வலின்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுவேனே. இது வலி இல்லடி."

"அரிக்குதா?"

"சொறிஞ்சா போற அரிப்பு இல்ல. எலும்புக்குள்ள எறும்பு ஊருற மாதிரி இருக்கு. எந்திரி, எந்திரின்னு உள்ளேருந்து யாரோ பிடிச்சு இழுக்கறாங்க. எந்திரிச்சு நடந்தா நின்னுடுது. உக்காந்தா மறுபடியும் ஆரம்பிக்குது. என்னன்னு சொல்றது போ."

வேறு ஊராக இருந்தால் எழுந்து நடந்துவிட்டுப் போகலாம், யார் கேட்கப் போகிறார்கள்? எங்கள் ஊரில் பொழுது சாயும்போதுதான் ‘சா’ என்கிற ஜெப நேரம். மாமரத்தில் கட்டித் தொங்கவிட்ட காலி கேஸ் சிலிண்டரைக் கம்பியால் அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் அவரவர் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாட்டும் ஜெபமும் நடத்த வேண்டும். மறுபடி அடிக்கும் வரை சாலையில் ஒருவர் நடக்கக் கூடாது. வெளியூர்க் கார்கூட ஓரமாக நின்றுவிடும். யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்ள, ஊர் வாலிபர்கள் ஒரே நிறக் கைலி கட்டிக்கொண்டு சாலை நெடுகக் காவல் நிற்பார்கள். அந்தக் காவலுக்குத் தலைவன் யார் என்கிறீர்கள்? என் அண்ணன் பெட்டேலோவேதான்.

அண்ணி முதலில் பொறுத்துத்தான் பார்த்தாள். காலை நீட்டினால் மரியாதைக் குறைவு என்று மடியில் ஒரு சின்னப் பாயைப் போட்டு மூடிக்கொண்டு அதற்குள் காலை ஆட்டினாள். பிறகு வீட்டுக்குப் பின்னால் போய் ஈரப்பலா மரத்தைச் சுற்றினாள். அங்கே வேர்கள் மேலே கிளம்பிக் கிடந்ததால், விழுந்து கன்னத்தைக் கிழித்துக்கொண்டாள். ஒரு நாள் பாட்டின் நடுவே எழுந்து, நேரே சாலையில் இறங்கிவிட்டாள். நான் பாடிக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

அண்ணன் அங்கே நின்றிருந்தான். "சியேனி, உள்ள போ" என்றான் மெதுவாக.

"முடியல பெட்டேலோ. கொஞ்ச தூரம் நடந்துட்டு வந்துடறேன். என்னை அடிச்சாலும் சரி."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு கையைப் பின்னால் கட்டியபடியே அவள் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தான். தேவாலயம் வரை போய்த் திரும்பி வந்தார்கள். மற்றக் காவல்காரப் பையன்கள் எல்லோரும் கடலில் ஏதோ அதிசயம் தெரிவது போல அந்தப் பக்கமே திரும்பி நின்றுகொண்டார்கள். நல்ல பிள்ளைகள், நான் மறக்க மாட்டேன்.

ஆனால் ஊருக்குக் கண் இல்லையா? அடுத்த நாளே தலைவர்கள் சபைக்கு விஷயம் போயிற்று. ஒரு பெட்டி மீன் டின்னை அபராதமாகக் கட்டினோம். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலை வேறு. எங்கள் அப்பா இறந்த பிறகு அவருடைய தலைவர் பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்று குடும்பமே கூடிப் பேசி, ஒரே வாயாக, பெட்டேலோவுக்கு என்று முடிவு செய்திருந்தோம். வருஷக் கடைசியில் பட்டம் கட்டும் சடங்கு. அதைத்தான் சபையின் பேச்சாளர் சோலோமோனா பிடித்துக்கொண்டார். அந்த மனுஷனுக்கு வாய் இருக்கிறதே, அதற்குத் தனியாகச் சோறு போட வேண்டும்.

"பொண்டாட்டியை ஒரு பாட்டு நேரம் உக்கார வைக்க முடியல. இவன் தலைவனாகி, ஊரை எப்படி உக்கார வைப்பான்? இன்னொரு தடவை அவ கால் சா நேரத்துல ரோட்டுல பட்டா, பட்டத்துக்கு வேற ஆளைப் பாருங்க."

அண்ணன் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சுவரில்லாத ஊரில் எந்தப் பேச்சு நிற்கும்? அண்ணி காதுக்கு அது அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அன்று மாலை சிலிண்டர் அடித்ததும் அவள் தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கைலித் துணியைக் கிழித்து, தன் இரண்டு கணுக்காலையும் தூணோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிய வழியப் பாடினாள், ராகம் மட்டும் தப்பவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. ஜெபம் முடிந்ததும் முடிச்சை அவிழ்த்தேன். தோல் உரிந்திருந்தது.

"பைத்தியமா அண்ணி உனக்கு?"

"எனக்காகவா கட்டுறேன்? அவர் வாயைத் திறந்து இதுவரைக்கும் எதையுமே கேட்டதில்லடி. கேக்காத மனுஷனுக்கு வர்ற ஒண்ணையும் என் கால் உதைச்சுத் தள்ளணுமா?"

எண்ணெய் போட்டு உருவிவிடும் ஃபீலி அக்காவை வரவழைத்தோம். அவள் அண்ணியின் காலை வழித்துவிட்டுக்கொண்டே கண்ணை மூடினாள். "இது உன் கால் நடை இல்ல. உனக்கு முன்னால நடந்தவங்க நடை. உங்க அம்மா எப்படி?" என்றாள்.

அண்ணி காலை இழுத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா அவள் சிறுமியாக இருக்கும்போதே இறந்துபோனவள் என்றுதான் எங்களுக்குத் தெரியும். மீதியை அன்றுதான் சொன்னாள். அந்த அம்மாவும் பொழுது சாய்ந்தால் வீட்டில் தங்க மாட்டாளாம். கடற்கரையில் மேலும் கீழும் நடப்பாளாம். கப்பலேறிப் போன எவனுக்கோ காத்திருக்கிறாள் என்று ஊர் பேசியதாம். அப்பாவும் அதையே நம்பி, கடைசிவரை அவளோடு ஒரே தட்டில் சாப்பிடவில்லையாம். "பள்ளிக்கூடத்துல எல்லாரும், 'உங்கம்மா ஆள் வந்தாச்சா?'ன்னு கேப்பாங்க. எனக்கும் அம்மா மேல கோவம்தான். கூப்பிட்டா திரும்பிப் பாக்கமாட்டேன்" என்றாள். அவ்வளவு பெரிய குரல் அன்றைக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

அப்புறம் என்ன, எங்கள் ஊரில் நினைப்பதைத்தான் நாங்களும் நினைத்தோம். அம்மா மனத்தாங்கலோடு இருக்கிறாள், மகள் காலில் வந்து நடக்கிறாள், மன்னிப்புக் கேட்டால் விடுவாள். அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் படகேறி உப்போலுவுக்குப் போனோம். அவள் தம்பி வீட்டு வாசலில் இருந்த அம்மாவின் கல்லறையைச் சுற்றிப் புல் பிடுங்கி, வெள்ளை அடித்து, புதுப் பாய் விரித்து, அண்ணி அதன் மேல் குப்புற விழுந்து அழுதாள். நம்பினால் நம்புங்கள், அங்கே தங்கியிருந்த நாட்களில் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிட்டன. ஒரு மாலை முழுப் பாட்டுக்கும் சும்மா உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சிரித்தான். அவன் சிரிப்பே ஒரு விசேஷம்தான்.

ஊர் திரும்பிய மறுநாளே பழைய குருடி. முன்பைவிட மோசம். "அம்மாவுக்கு என்னை மன்னிக்க மனசில்லடி. நான் அவ்வளவு பண்ணியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அண்ணி சாப்பாட்டையே குறைத்துவிட்டாள். மூன்று வேளையும் கறுப்புத் தேநீர்தான். எனக்கு வந்ததே கோபம்! செத்தவள் மீதா, ஊர் மீதா என்று தெரியாத கோபம். பெண்கள் கமிட்டிக் கட்டடத்துக்கு மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் லெப்பேக்கா வரும் நாளில், கூடையும் கையுமாக இருந்தவளை அப்படியே இழுத்துக்கொண்டு போனேன்.

லெப்பேக்கா சிரித்துப் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் கேள்வி கேட்டால் முழுதாகக் கேட்பாள். எப்போது வரும், எப்போது போகும், மாதவிலக்கு எப்படி, என்ன சாப்பிடுகிறாய், என்ன குடிக்கிறாய் எல்லாம் கேட்டாள். மாதவிலக்கு என்றதும் நான் முந்திக்கொண்டு, "அதை ஏன் கேக்கறீங்க, ஆறா ஓடும்" என்றேன். அண்ணி என்னைக் கிள்ளினாள்.

"மாத்திரை ஏதாவது போடறியா?"

"தூக்கம் வரலைன்னு, ஆக்லாந்துலேருந்து இவங்க அத்தை மக அனுப்புன சளி மாத்திரை. போட்டா கண்ணு சொக்கும். அதான் தினமும் சாயங்காலம் ஒண்ணு."

"உப்போலுவுக்குப் போனப்ப எடுத்துட்டுப் போனியா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மாத்திரை டப்பாவைக் கூரை இடுக்கிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தோம்.

"ம்" என்றாள் லெப்பேக்கா. "அந்த மாதிரி சளி மாத்திரை சிலது இந்தக் காலைக் கிளறிவிடும். அதை நிறுத்து. ரத்தம் எடுத்து அனுப்பறேன். உடம்புல இரும்புச் சத்து வத்திப்போயிருக்கும்னு நெனைக்கிறேன். கால்ல ஒண்ணும் இல்லம்மா. காலை அமைதியா வச்சிருக்கற வேலை மூளையோடது. அதுக்கு இரும்பு வேணும். இது பேய் இல்ல, திமிர் இல்ல, பைத்தியம் இல்ல. உலகம் பூரா இருக்கற நோய்தான். நிறையப் பேருக்கு ரத்த வழியா வரும். உங்க அம்மாவுக்கு இருந்துச்சா?"

அண்ணி கூடையின் கைப்பிடியைப் பிடித்து முறுக்கினாள். லெப்பேக்கா மறுபடி கேட்டாள். "பொழுது சாஞ்சா நடப்பாங்களா?"

அவ்வளவுதான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள் பாருங்கள், கமிட்டிக் கட்டடமே கலங்கிப்போயிற்று. "அம்மா யாருக்கும் காத்திருக்கல மசினா. அம்மாவுக்குக் கால்டி. வெறும் கால்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. நர்ஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், அது அழுக்காகவே இல்லை.

ரத்தப் பரிசோதனை அவள் சொன்னபடியே வந்தது. இரும்பு மாத்திரை கொடுத்தாள். தேநீரோடு விழுங்காதே, எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கு என்றாள். மாலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்று, காலை உருவிவிடச் சொல், நடக்கத் தோன்றினால் நட என்றாள். குணம் தெரிய மாதக்கணக்காகும் என்றும் சொல்லிவிட்டாள். அதுவரை சா நேரத்தில் அவள் கால் சாலையில் படாமல் இருக்க வேண்டுமே.

சளி மாத்திரையை நிறுத்தியதில் கொஞ்சம் தேவலை ஆயிற்று. ஆனாலும் ஒரு மாலை, பன் விற்று அலுத்து வந்த நாள், பாட்டு நடுவில் அவளால் முடியவில்லை. சாலையில் இறங்கிவிட்டாள். அதுவும் சோலோமோனாவின் வீட்டுக்கு எதிரிலேயே. சபை கூடிற்று. பெட்டேலோவையும் மனைவியையும் வரச் சொன்னார்கள். அண்ணனுக்குச் சகோதரி என்ற முறையில் நானும் போய் உட்கார்ந்தேன். சகோதரியை எழுந்து போ என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது.

தலைவர்கள் ஆளுக்கொரு தூணில் சாய்ந்திருந்தார்கள். பெரிய தலைவர் லேமானா நடுவில். சோலோமோனா எழுந்து கோலை ஊன்றிக்கொண்டு பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். வெயில் சாய்ந்து தூண்களின் நிழல் நீண்டுவிட்டது. அண்ணன் நர்ஸ் சொன்னதை எல்லாம் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தான். "காலுக்கு நோய்னா வலிக்கணும், வீங்கணும். நடந்தா சரியாப் போற நோயை நான் கேள்விப்பட்டதில்ல" என்றார் சோலோமோனா. நான் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பெருவிரல் துடித்தது. பிறகு கெண்டைக்கால். அவள் இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உதட்டோரம் வியர்த்தது. இப்போது எழுந்தால் எல்லாம் போயிற்று, அது அவளுக்கும் தெரியும்.

அப்போது அண்ணன் திரும்பி உட்கார்ந்தான். சபைக்கு முதுகு காட்டினான். தலைவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் மனைவியின் இரண்டு காலையும் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்து, கெண்டைக்காலை உருவ ஆரம்பித்தான்.

"பெட்டேலோ! இது சபை!" என்று கத்தினார் சோலோமோனா.

"தெரியும்" என்றான் அண்ணன். "பட்டத்தை யாருக்கு வேணா குடுங்க. இவ தவிக்கறா."

அவன் சபையில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அண்ணி, "வேணாம் பெட்டேலோ, விடு, விடு" என்று காலை இழுத்தாள். அவன் விடவில்லை.

எனக்கு அதற்கு மேல் வாயை அடக்கத் தெரியவில்லை. "சோலோமோனா மாமா, ஒண்ணு கேக்கறேன்" என்றேன். "சா நேரத்துல ரோட்டுல யாருமே நடக்கக் கூடாதா?"

"யாருமே கூடாது."

"அப்ப காவக்காரப் பசங்க மட்டும் ரோட்டுல நிக்கலாமா? அவனுங்க என்ன வானத்துலேருந்து குதிச்சவனுங்களா?"

"அவங்க ஊருக்காக நிக்கறாங்க."

"அப்ப இவளையும் ஊருக்காக நடக்க விடுங்க! நின்னு நின்னு கொட்டாவி விடற பசங்களை வச்சிருக்கீங்க. ஒரு நாளும் கண் அசராத காவல் ஒண்ணு ஊருக்குள்ளயே இருக்கு, அதுக்குப் போய் அபராதம் போடறீங்க!"

கோபத்தில் சொன்னதுதான். யோசித்து எல்லாம் சொல்லவில்லை. லேமானா தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது, பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. தான் உட்கார்ந்திருந்த பாயை உருவி, பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறி அண்ணனிடம் வந்தது.

"அந்தப் பொண்ணு காலை மூடுப்பா" என்றார். "மூடிட்டு உருவு. நாளைலேருந்து அவளுக்கும் ஒரு காவல் கைலி குடுங்க. பட்டப் பேச்சு முன்னாடி முடிவானபடியே இருக்கட்டும். சோலோமோனா, நீங்க உக்காருங்க. உங்களுக்குத்தான் கால் வலிக்கும்."

தலைவரின் பாய் அண்ணியின் கால் மேல் கிடந்தது. அவள் அதை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் ஊரில் சா நேரத்துக்குக் காவல் நின்ற முதல் பெண் என் அண்ணிதான். நிற்கவில்லை, நடந்தாள். வருஷக் கடைசியில் அண்ணன் பட்டம் வாங்கித் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான், அவள் சபைக்குப் பன் அவித்துப் போட்டாள். சோலோமோனா நாலு தின்றார். அதற்குள் இரும்பு மாத்திரையும் வேலை செய்திருந்தது. கால்கள் முக்கால்வாசி அடங்கிவிட்டன. ஒரு மாலை அவள் காவல் கைலியைக் கட்டிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்.

"கால்தான் சும்மா இருக்கே அண்ணி. உள்ள உக்காந்து பாடேன்."

"கால் கேக்கலடி. எனக்கே போகணும் போல இருக்கு" என்றாள். முடிச்சை இறுக்கிக்கொண்டாள். "எங்கம்மா நடந்தப்ப ஊரே நின்னு பாத்துச்சு. யாரும் கூட நடக்கல. நானும் நடக்கல. இந்த ஊர்ல இன்னொருத்தருக்கு இப்படி வந்தா, ரோட்டுக்கு வந்து பாக்கறப்ப ஆள் இருக்கணும்ல?"

சிலிண்டர் அடித்தது. நாங்கள் உட்கார்ந்து பாட ஆரம்பித்தோம். சாலையிலிருந்து அவள் குரலும் சேர்ந்துகொண்டது. தேவாலயத்துப் பக்கம் போகப் போகத் தேய்ந்து, திரும்பி வர வரப் பெரிதாகிக் கேட்டது. பட்டம் வாங்கிக் காவலை விட்டுவிட்ட அண்ணன் வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவள் குரல் எங்கள் வீட்டுக்கு எதிரே வரும் வரை பக்கத்தைத் திருப்பாமல் காத்திருந்தான்.